முள்கம்பிக் கீறல்

சத்துவாச்சாரி, மூன்றாவது மாடி.
திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணி.
அவர்களுக்கு இன்னும் ஞாயிறு மாலையே முடியவில்லை.

ஐம்பதுக்கும் மேற்பட்ட இறுதி ஆட்டங்கள்
என் கணினியில் கிடக்கின்றன.
எறிந்தவை, சேர்ந்தவை,
எதிராளி கையில் போய் விழுந்தவை,
எறியும் முன்பே மண்ணைக் கவ்விய தடவைகள்.
கட்டம் கட்டமாக எண் போடுவது என் வேலை.
போட்டு முடித்தால் ஒரு வரிசை வரும்:
இறுதி ஆட்டங்களில்
எந்தக் குவார்ட்டர்பேக் முதல், எவன் கடைசி.

கிரீன் சர்க்கிள் டீக்கடையில் இதைச் சொன்னபோது
மாஸ்டர் கேட்டார்:
"முதல் பாதி புரியுது. பின்னாடி என்னமோ சொன்னியே?"

பந்து என்கிறார்கள் அதை.
இலவம்பாடிக் கத்தரிக்காயை
முள் கிள்ளித் தையல் போட்ட மாதிரி இருக்கிறது.
அதை வாங்கிக்கொண்டு அவன் பின்வாங்குகிறான்.
முன்னால் ஐந்து தடியர்கள் சுவர்.
சுவர் மூன்று நொடி நிற்கும்.
அதற்குள் பார்க்க வேண்டும், முடிவெடுக்க வேண்டும்,
இன்னும் யாரும் வந்து சேராத இடத்துக்கு
எறிந்துவிட வேண்டும்.

ஜெபசிங் சார் சொல்லியிருக்கிறார்,
உணர்ச்சி வேண்டாம், எண் போதும்.

ஒருவன் இருக்கிறான்.
பெயர் சொல்லக்கூடாது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
சாயம் வெளுத்த பழைய படச்சுருள்.
ஒன்பது முறை சாய்த்தார்கள் அவனை.
பத்தாவது முறையும்
அதே இடத்தில் வந்து நின்று கையை நீட்டினான், பந்தைக் கொடு என்று.
தோற்ற பிறகு
தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு
அதன் கம்பிகளுக்குள் சிக்கிய புல்லை
ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தான்.
புல்லுக்குக் கட்டம் இல்லை.
வரிசையில் அவன் கடைசி.

இனாயத்துல்லா மேல்விஷாரம் தோல் ஷாப்பில் செலக்டர்.
நகக்கண்ணில் எப்போதும் குரோம் நீலம்.
மேசைக்கு ஒரு தோல் வந்தால் நாலு நொடி.
வெளிச்சத்தில் விரித்து, உள்ளங்கையால் ஒரு தடவு தடவி,
ஓரத்தில் தரத்தை எழுதித் தள்ளிவிடுவான்.

அவனிடம் சொன்னேன்,
அந்த ஊரில் எல்லாரையும் விடச் சிறந்தவனை
ஆடு என்றுதான் அழைக்கிறார்களாம்.
டீ புரையேறிவிட்டது அவனுக்கு.
"நேத்து மட்டும் எண்ணூறு சிறந்தவங்களைப் பார்த்தேன்டா.
ஒருத்தனுக்கும் தலை இல்ல."

எனக்கு அந்தச் சொல் வேறு மாதிரி கேட்டது.
நம் மொழியில் அதையே
ஒருவன் முதுகில் தட்டிச் சொன்னால்
கட்டளை.
ஆடு.

"சரி, எது முதல் தரம்?"

"கீறலே இல்லாதது. கட்டிப்போட்டுத் தீவனம் போட்டு வளர்த்தது.
முள்கம்பி, உண்ணிக்கடி, கொம்புக்குத்து
ஒவ்வொண்ணுக்கும் ஒரு தரம் இறங்கும்.
அஞ்சாம் தரத்தைப் பார்த்தா,
எந்த வேலியை எல்லாம் தாண்டிச்சுன்னு
படிச்சிடலாம்."

அன்றைக்கு அவனுக்கு பஸ் வந்துவிட்டது.

இன்றைய ஆட்டத்தில் கடைசி இரண்டு நிமிடம்.
நாலு புள்ளி பின்தங்கிய ஒரு சின்னப் பையன்
இடதுபக்க மூலைக்கு எறிந்தான்.
பந்து மேலே போனது,
இணையம் நின்றது,
திரையின் உச்சியில் அந்தக் கத்தரிக்காய்
சாய்ந்தபடி தொங்கியது.
நான் சுட்டியைத் தொடவில்லை.
கீழே திருப்பதி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

படம் திரும்பி வந்தபோது
எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள்.
எண் தானாக வந்து கட்டத்தில் உட்கார்ந்திருந்தது.

எட்டரை மணிக்கு இனாயத் கேட்டான்:
"முடிஞ்சுதா? யார் முதல்?"
சொன்னேன்.
"எத்தனை கீறல்?"
"அந்த ஆட்டத்தில் ஒரு கை கூட அவன்மேல் படவில்லை."
"ம்ம். லேடீஸ் ஹேண்ட்பேக்குக்கு நல்லா வரும்."

கடைசி ஆளைப் பற்றியும் சொன்னேன்.
ஒன்பது முறை. புல்.

கிளாஸை வைத்துவிட்டு
விரல்களை ஒருமுறை தேய்த்துப் பார்த்தான்,
அங்கே ஏதோ இருப்பதுபோல.

"அது ஷூவுக்கு.
வேலூர் மே மாசம் தாங்கும்."